தலையில் அடிபட்டால்: எப்போது வீட்டில் பார்த்துக்கொள்ளலாம், எப்போது ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும்?

தலையில் அடிபட்டவரைச் சுற்றிக் கூடுகிறவர்கள் முதலில் தேடுவது ரத்தத்தைத்தான். ரத்தம் கொட்டினால் பதறுகிறார்கள். ரத்தம் இல்லையென்றால் "ஒண்ணும் ஆகல, எழுந்திரு" என்று மண்ணைத் தட்டிவிட்டு அனுப்பிவிடுகிறார்கள். இரண்டு கணக்குமே தப்பாகலாம். தலைத்தோலில் ரத்தக் குழாய்கள் நெருக்கமாக ஓடுகின்றன. அதனால் சின்னக் கிழிசலுக்குக்கூட சட்டை நனைகிற அளவுக்கு ரத்தம் வரும். நெற்றியில் புடைத்துக்கொண்டு நிற்கும் வீக்கமும் பெரும்பாலும் தோலுக்கும் எலும்புக்கும் நடுவே தேங்கிய ரத்தம்தான். சில நாளில் வடிந்துவிடும். ஆனால் தோலில் ஒரு கீறல்கூட இல்லாமல் மண்டைக்குள்ளே ரத்தம் கசிந்து உயிருக்கே ஆபத்தாவதும் உண்டு.

ஆகவே காயத்தைப் பார்த்து முடிவெடுக்காதீர்கள், ஆளைப் பாருங்கள். அடிபடுவதற்கு முன் எப்படி இருந்தாரோ அப்படியே இருக்கிறாரா? ஒரு மணி நேரத்துக்கு முன் இருந்ததைவிட இப்போது தேவலையா, மோசமா? இந்த இரண்டு கேள்விகளுக்கும் டாக்டரைவிட நன்றாகப் பதில் சொல்லக்கூடியவர்கள் வீட்டு ஆட்கள்தான். அந்த மனிதரை அன்றாடம் பார்க்கிறவர்கள் அவர்கள்.

நடந்து வந்தவர் ஏன் சரிகிறார்?

1998 பிப்ரவரி 20. டாக்காவில் ஒரு கிளப் கிரிக்கெட் போட்டி. இந்திய அணிக்காக ஆடிய ராமன் லாம்பா ஹெல்மெட் போடாமல் ஷார்ட் லெக்கில், மட்டையாளருக்கு மிக அருகில் நின்றிருந்தார். அடித்த பந்து தலையில் பட்டது. அவர் எழுந்து, தானே நடந்து உடைமாற்றும் அறைக்குப் போனார். பிறகு நிலைமை மோசமானது. அறுவை சிகிச்சை செய்தும் பலனில்லை. 23ஆம் தேதி இறந்தபோது அவருக்கு வயது 38.

பந்து வேகமாக வந்து அடித்ததால்தான் அப்படி ஆயிற்று என்று தோன்றலாம். ஆனால் 2009 மார்ச்சில் நடிகை நடாஷா ரிச்சர்ட்சன் கனடாவில் பனிச்சறுக்கு கற்றுக்கொள்ளும் சரிவில் விழுந்தார். வெளியே காயம் எதுவும் தெரியவில்லை. தேடி வந்த ஆம்புலன்ஸ் திருப்பி அனுப்பப்பட்டது. சுமார் ஒரு மணி நேரம் கழித்துத் தலைவலி தொடங்கியது. இரண்டே நாளில் 45 வயதில் உயிர் போனது. மண்டையோட்டுக்கும் மூளையின் மேலுறைக்கும் நடுவே ரத்தம் தேங்கியதே காரணம் என்று நியூயார்க் நகர மருத்துவ அதிகாரிகள் அறிவித்தார்கள்.

காதுக்குச் சற்று மேலே, நெற்றிப்பொட்டை ஒட்டியுள்ள எலும்பு மெல்லியது. அதன் உட்புறத்தை ஒட்டி ஒரு தமனி ஓடுகிறது. எலும்பில் விரிசல் விழும்போது அந்தத் தமனி கிழிந்தால் ரத்தம் உள்ளே சேரத் தொடங்கும். சேர்கிற ரத்தத்துக்கு ஓரளவு இடம் கிடைக்கும் வரை ஆள் தெளிவாகப் பேசுவார், டீ குடிப்பார், "எனக்கு ஒண்ணுமில்ல" என்பார். மண்டையோடு தேங்காய் ஓடு மாதிரி விரிந்து கொடுக்காதது. இடம் தீர்ந்ததும் அழுத்தம் முழுவதும் மூளையின் மேல் இறங்கும். அப்போது தூக்கக் கலக்கம், வாந்தி, மயக்கம் என்று நிலைமை வேகமாக மாறும். இந்தத் தெளிவான இடைவேளை சில நிமிடமும் இருக்கலாம், பல மணி நேரமும் இருக்கலாம். அதற்குள் ஸ்கேன் எடுத்து ரத்தக் கட்டியை அகற்றிவிட்டால் பலர் முழுவதுமாகத் தேறிவிடுகிறார்கள். ஆஸ்பத்திரிக்கு எப்போது போனோம் என்பது இந்த ஒரு விஷயத்தில் இவ்வளவு முக்கியமாவது அதனால்தான்.

உடனே கிளம்ப வேண்டிய அடையாளங்கள்

மருத்துவமனைகளில் கிளாஸ்கோ அளவுகோல் என்று ஒன்று வைத்திருக்கிறார்கள். 1974இல் கிளாஸ்கோ நகரத்து நரம்பியல் அறுவை மருத்துவர்கள் கிரஹாம் டீஸ்டேலும் பிரையன் ஜென்னெட்டும் வகுத்தது. கண் திறக்கிறதா, பேச்சு எப்படி, கைகால் சொன்னபடி அசைகிறதா என்ற மூன்றையும் பார்த்து மதிப்பெண் போடுவார்கள். முழு நினைவுக்கு 15, மிக மோசமான நிலைக்கு 3. மதிப்பெண் போடும் வேலை நமக்கு வேண்டாம். ஆனால் அந்த மூன்றையும் வீட்டிலும் பார்க்கலாம்.

முதலில் கண். அடிபட்ட நேரத்தில் சில விநாடியாவது நினைவு தப்பியிருந்தால், பிறகு எவ்வளவு தெளிவாக இருந்தாலும் டாக்டரிடம் காட்டியாக வேண்டும். எழுப்ப எழுப்பக் கண் செருகுகிறது, கூப்பிட்டால் "ம்" என்றுவிட்டு மறுபடி தூங்கிவிடுகிறார் என்றால் 108 ஆம்புலன்ஸை அழையுங்கள். பார்வை மங்குவது, ஒன்று இரண்டாகத் தெரிவது ஆகியவையும் கிளம்புவதற்கான காரணங்களே. டார்ச் அடித்துப் பார்த்தால் கருவிழி நடுவிலுள்ள கறுப்பு வட்டம் ஒரு கண்ணில் பெரிதாகவும் மறு கண்ணில் சிறிதாகவும் தெரிவது ஆபத்து முற்றியதன் அடையாளம். அது தெரியட்டும் என்று காத்திருக்கக் கூடாது.

அடுத்து பேச்சு. பைக்கிலிருந்து விழுந்தவர் "வண்டி எங்கே?" என்று கேட்கிறார். "ஓரமா நிறுத்தியிருக்கு" என்கிறீர்கள். தலையாட்டுகிறார். சிறிது நேரத்தில் அதே குரலில், அதே முகபாவத்தில் மறுபடி "வண்டி எங்கே?" என்கிறார். முதல் தடவை கேட்டதே அவர் மனதில் பதியவில்லை. சுற்றியிருப்பவர்கள் இதைப் படபடப்பு என்று நினைத்துத் தண்ணீர் கொடுத்து உட்கார வைப்பார்கள். உண்மையில் இது மூளை அதிர்ந்திருப்பதன் தெளிவான அறிகுறி. ஆஸ்பத்திரிக்குப் போகலாம் என்பதைத் தவிர வேறு யோசனை வேண்டாம். நாக்குக் குழறுவது, தேதி, இடம், வீட்டு ஆட்களின் பெயர் குழம்புவது, சாதுவானவர் திடீரென்று எரிந்து விழுவது எல்லாமே இதே வரிசைதான்.

மூன்றாவது கைகால். ஒரு கை பலமிழந்தாலோ மரத்துப்போனாலோ, நடை தள்ளாடினாலோ, வலிப்பு வந்தாலோ ஒரு நிமிடம்கூடத் தாமதிக்கக் கூடாது.

இவை போக இன்னும் சில. தலைவலி லேசாக ஒன்றிரண்டு நாள் இருப்பது சகஜம். நேரமாக ஆகக் கூடிக்கொண்டே போகிற வலி, பாராசிட்டமால் போட்டும் அடங்காத வலி சகஜமில்லை. வாந்தி ஒரு தடவைக்கு மேல் வந்தாலும் காட்டிவிட வேண்டும். மூக்கிலிருந்தோ காதிலிருந்தோ தண்ணீர் மாதிரி தெளிவாகச் சொட்டினால் அது சளி என்று நினைத்துவிடாதீர்கள்; மண்டையோட்டின் அடிப்பகுதியில் விரிசல் விழுந்து மூளையைச் சுற்றியுள்ள திரவம் கசியலாம். பஞ்சு வைத்து அடைக்கவோ மூக்கைச் சிந்தவோ கூடாது. கண்ணில் அடிபடாமலே இரண்டு கண்ணைச் சுற்றியும் கன்றிப்போவதும், காதுக்குப் பின்னால் நீலம் பாய்வதும் அதே விரிசலைக் காட்டும். இவை தெரிவதற்குச் சில மணி நேரமோ ஒன்றிரண்டு நாளோ ஆகலாம்.

எப்படி விழுந்தார் என்பதும் கணக்கில் சேரும். சொந்த உயரத்திலிருந்து வழுக்கி விழுவது ஒன்று. மாடியிலிருந்து, ஐந்து படிக்கு மேலிருந்து, ஓடும் வண்டியிலிருந்து விழுவது வேறு. பின்சீட்டில் ஒருக்களித்து உட்கார்ந்திருந்தவரின் சேலை சக்கரத்தில் சிக்கி அவர் பின்னந்தலை தார்ரோட்டில் மோதியிருந்தால், எழுந்து சிரித்தாலும் நேராக ஆஸ்பத்திரிக்குத்தான் போக வேண்டும்.

வயதானவர்கள், மாத்திரைக்காரர்கள், குடித்திருப்பவர்கள்

65 வயது தாண்டியவர்களுக்கு மேலே சொன்ன எந்த அடையாளமும் இல்லாவிட்டாலும் தலையில் அடி என்றால் டாக்டரிடம் காட்டுவதே சரி. வயதாகும்போது மூளை சற்றே சுருங்குகிறது. மூளைக்கும் அதன் உறைக்கும் நடுவே போகும் சிறு சிரைகள் அதனால் இழுபட்டு நிற்கின்றன. பாத்ரூமில் வழுக்கிச் சுவரில் தலை இடித்தால்கூட அவற்றில் ஒன்று கிழியப் போதும். அது தமனி இல்லை, சிரை. ரத்தம் மெல்லத்தான் கசியும். சுருங்கிய மூளைக்குப் பக்கத்தில் காலி இடமும் இருக்கிறது. எனவே நாட்கணக்கில், சில சமயம் வாரக்கணக்கில், வெளியே ஒன்றும் தெரியாது.

பிறகு தெரியும்போது அடிபட்டது யாருக்கும் நினைவிருக்காது. மெல்லிய தலைவலி, தள்ளாட்டம், ஒரு கால் இழுப்பது, செருப்பை மாட்டத் தெரியாமல் நிற்பது, பகலெல்லாம் தூங்குவது. "அப்பாவுக்கு வயசாயிடுச்சு, மறதி வந்துடுச்சு" என்று குடும்பம் முடிவு கட்டிவிடும். மறதி நோய் ஆண்டுக்கணக்கில் மெல்ல வருவது. போன மாதம் கடைக்குப் போய்ச் சில்லறை எண்ணி வாங்கிவந்தவர் இந்த மாதம் தடுமாறுகிறார் என்றால் அது வேறு கதை. சமீபத்தில் எங்காவது விழுந்தாரா, வாசல்படியில் இடித்துக்கொண்டாரா என்று யோசித்து, அதை டாக்டரிடம் சொல்லுங்கள். ஸ்கேனில் பழைய ரத்தம் தேங்கியிருப்பது தெரிந்தால் மண்டையோட்டில் சிறு துளையிட்டு அதை வெளியேற்ற முடியும். அதற்குப் பிறகு பழையபடி நடந்து வீடு திரும்புகிறவர்கள் நிறையப் பேர். சரிசெய்யக்கூடிய ஒரு கோளாறை முதுமை என்று ஒதுக்கிவிடுவது எனக்கு மிகவும் வருத்தம் தருகிற விஷயம்.

அடையாளம் இல்லாவிட்டாலும் டாக்டரிடம் காட்ட வேண்டும் என்ற விதி, ரத்தம் உறையாமலிருக்க மாத்திரை சாப்பிடுகிறவர்களுக்கு எந்த வயதிலும் பொருந்தும். இதய வால்வு மாற்றியவர்களுக்குக் கொடுக்கும் அசிட்ரோம், வார்ஃபரின், இதயத் துடிப்புக் கோளாறுக்குத் தரும் அபிக்ஸபான், ரிவராக்ஸபான், ஸ்டென்ட் வைத்தவர்கள் சாப்பிடும் குளோபிடோக்ரெல் எல்லாம் இதில் அடங்கும். மாத்திரை அட்டையைக் கையோடு எடுத்துப் போங்கள். பயத்தில் நீங்களாகவே மாத்திரையை நிறுத்திவிடாதீர்கள். நிறுத்துவதா, எத்தனை நாளைக்கு என்பதெல்லாம் டாக்டர் சொல்ல வேண்டியவை. ரத்தம் உறையாத பிறவிக் கோளாறு உள்ளவர்கள், ஏற்கெனவே மூளையில் அறுவை சிகிச்சை செய்துகொண்டவர்கள் விஷயத்திலும் காத்திருக்க வேண்டாம்.

பெரியவர் விழுந்தார் என்றால் ஏன் விழுந்தார் என்றும் கேளுங்கள். சர்க்கரை இறங்கியதா, பக்கவாதமா, இதயத் துடிப்பு தடுமாறியதா? கால் வழுக்கியது என்பது சில சமயம் பிறகு கண்டுபிடித்த காரணமாக இருக்கும்.

குடித்தவர் விழுந்து கிடந்தால் ஊரே சொல்வது "போதை தெளிஞ்சா எழுந்துடுவான்" என்பதுதான். போதையும் தலைக்காயமும் வெளிப்பார்வைக்கு ஒன்று போலவே இருக்கும்: குழறல், தள்ளாட்டம், வாந்தி, தூக்கம். வாயில் வாடை வருகிறது என்பதால் மண்டைக்குள் ரத்தம் கசியவில்லை என்று ஆகாது. தலையில் காயமோ வீக்கமோ இருக்கிறது, ஆள் போதையில் இருக்கிறார் என்றால் அவர் ஆஸ்பத்திரியில்தான் தெளிய வேண்டும், திண்ணையில் இல்லை.

கைக்குழந்தை விழுந்தால்

கட்டிலிலிருந்து உருண்டு விழாத குழந்தை அபூர்வம். பெரும்பாலான விழுகைகள் அழுகையோடு முடிந்துவிடும். விழுந்த உடனே வீரிட்டு அழுது, பத்து நிமிடத்தில் சமாதானமாகி, பால் குடித்து, பொம்மையைப் பார்த்துக் கை நீட்டினால் மனம் சற்று ஆறுதல் கொள்ளலாம்.

கவலைப்பட வேண்டியது இவை. அழாமல் துவண்டு கிடப்பது. எதற்கும் அடங்காமல் கீச்சென்று அழுதுகொண்டே இருப்பது. பால் குடிக்க மறுப்பது. அம்மாவைப் பார்த்தும் முகம் மலராதது. அழாமல் நிமிர்ந்து இருக்கும்போதும் உச்சிக்குழி புடைத்து நிற்பது. வீக்கம் எந்த இடத்தில் என்பதும் முக்கியம். நெற்றிப் புடைப்பைவிட, தலையின் பக்கவாட்டிலோ பின்புறமோ தொட்டால் மெத்தென்று அமுங்குகிற வீக்கம் ஆபத்தானது. அடியில் எலும்பு விரிந்திருக்க வாய்ப்புண்டு. விழுந்தவுடன் ஒரு தடவை வாந்தி எடுப்பது பிள்ளைகளுக்குச் சகஜம்தான். மறுபடி எடுத்தால் தூக்கிக்கொண்டு கிளம்புங்கள்.

இரண்டு வயதுக்குள் உள்ள குழந்தை 3 அடிக்கு மேலிருந்து விழுந்திருந்தால் டாக்டரிடம் காட்டுவதே நல்லது. தூளிக் கயிறு அவிழ்ந்து விழுவது, இடுப்பிலிருந்து நழுவி சிமெண்ட் தரையில் விழுவது எல்லாம் இந்தக் கணக்கில் வரும். மூன்று மாதம்கூட ஆகாத சிசு என்றால் உயரம் பார்க்கவே வேண்டாம், காட்டிவிடுங்கள். "உங்க பொண்ணு எப்பவும்போல இல்லைன்னு உங்களுக்குத் தோணுதா?" என்று டாக்டர் கேட்பார். அது ஒப்புக்குக் கேட்கிற கேள்வி இல்லை. 2009இல் வெளியான, 42,000க்கும் மேற்பட்ட குழந்தைகளை வைத்துச் செய்த அமெரிக்க ஆய்வின் முடிவில், இரண்டு வயதுக்குட்பட்டவர்களுக்கான விதிகளில் ஒன்றாகவே பெற்றோரின் அந்தக் கணிப்பு இடம்பெற்றது. உள்ளுக்குள் என்னவோ சரியில்லை என்று பட்டால் கூச்சப்படாமல் சொல்லுங்கள்.

செய்ய வேண்டியதும் கூடாததும்

முந்தானையைச் சுருட்டி வாயால் ஊதிச் சூடாக்கி, புடைத்த இடத்தில் வைத்து அழுத்தித் தேய்ப்பது நம் வீடுகளில் பாட்டிமார் வழக்கம். அன்போடு செய்வதுதான். ஆனால் சூடும் தேய்ப்பும் கசிவைக் கூட்டும். ஐஸ் கட்டியைத் துணியில் சுற்றி, பத்துப் பதினைந்து நிமிடம் லேசாக ஒத்தி வைத்தால் போதும். கிழிந்த இடத்தில் காப்பித்தூள், மஞ்சள்தூள் அப்ப வேண்டாம். தையல் போடும்போது அதையெல்லாம் சுரண்டி எடுக்க வேண்டியிருக்கும், சீழ் பிடிக்கவும் வாய்ப்பு. சுத்தமான துணியை மடித்து வைத்துப் பத்து நிமிடம் விடாமல் அழுத்திப் பிடியுங்கள். இடையில் எடுத்து எடுத்துப் பார்க்காதீர்கள். எலும்பு உள்வாங்கியது போலத் தெரிந்தால், ஏதாவது குத்திக்கொண்டிருந்தால் அழுத்தக் கூடாது, பிடுங்கவும் கூடாது.

நினைவில்லாதவரின் வாயில் தண்ணீரோ சோடாவோ ஊற்றாதீர்கள், நுரையீரலுக்குள் போய்விடும். கழுத்திலும் அடிபட்டிருக்கலாம் என்று எப்போதும் நினைத்துக்கொள்ளுங்கள். தோளிலும் காலிலும் பிடித்துத் தூக்கி ஆட்டோவில் மடக்கி உட்கார வைத்தால் தண்டுவடம் கெட்டுவிடலாம். ஆபத்தில்லாத இடமாக இருந்தால் அங்கேயே படுக்க வைத்து 108க்குச் சொல்லுங்கள், இலங்கையில் 1990. வாந்தி எடுத்தால் தலையும் கழுத்தும் உடம்பும் ஒரே நேராக இருக்கும்படி இரண்டு பேராக ஒருக்களித்துத் திருப்புங்கள். வலிப்பு வந்தால் கையில் சாவியைத் திணிப்பதால் எந்தப் பயனும் இல்லை. பக்கத்தில் உள்ள கல், கம்பியை நகர்த்திவிட்டு, வலிப்பு நின்றதும் ஒருக்களித்துப் படுக்க வையுங்கள். மூச்சு விடுகிறவரின் ஹெல்மெட்டை அவசரப்பட்டுக் கழற்ற வேண்டாம்.

ஸ்கேன் வேண்டுமா?

மண்டையோட்டு எக்ஸ்ரே எலும்பைக் காட்டும், மூளையைக் காட்டாது. எக்ஸ்ரே நன்றாக இருக்கிறது என்பதை வைத்து நிம்மதி அடைய முடியாது. ரத்தக் கசிவைக் கண்டுபிடிக்க சிடி ஸ்கேன்தான், சில நிமிட வேலை. அதற்காக அடிபட்ட எல்லோருக்கும் அது தேவையில்லை. குறிப்பாகப் பிள்ளைகளுக்குக் கதிர்வீச்சைத் தேவையில்லாமல் செலுத்தக் கூடாது என்பதால், ஆபத்து குறைவு என்று பட்டால் டாக்டர்கள் நாலு முதல் ஆறு மணி நேரம் வரை கண்காணிப்பில் வைத்துப் பார்ப்பார்கள். "ஸ்கேன் எடுக்காம அனுப்புறாங்களே" என்று சண்டை போட வேண்டாம். எதை வைத்து வேண்டாம் என்று முடிவு செய்தார்கள், எந்த அறிகுறி வந்தால் திரும்பி வர வேண்டும் என்று கேட்டு எழுதி வாங்கிக்கொள்ளுங்கள்.

வீட்டில் முதல் இரவு

மேலே சொன்ன எதுவும் இல்லை, அல்லது டாக்டர் பார்த்து வீட்டுக்கு அனுப்பிவிட்டார் என்றால், அடுத்த 24 மணி நேரம் பொறுப்பான ஓர் ஆள் கூடவே இருக்க வேண்டும். தனியாக ரூம் எடுத்துத் தங்கியிருப்பவர்கள் அன்று நண்பர் வீட்டிலாவது படுத்துக்கொள்ளுங்கள்.

தூங்கவிடலாமா என்பதுதான் எல்லோரும் கேட்கிற கேள்வி. தூங்கினால் கோமாவுக்குப் போய்விடுவார் என்று விடிய விடியக் கன்னத்தைத் தட்டி உட்கார வைத்திருக்கும் குடும்பங்கள் இருக்கின்றன. தூக்கம் மூளையைக் கெடுப்பதில்லை, ஓய்வு நல்லதுதான். எழுப்பினால் எழாத தூக்கம்தான் ஆபத்து. எனவே தெளிவாக இருக்கிறவரை வழக்கமான நேரத்தில் தூங்கவிட்டு, டாக்டர் சொன்ன இடைவெளியில், சொல்லவில்லை என்றால் முதல் இரவில் ஓரிரு முறையாவது, எழுப்பிப் பாருங்கள். கண்ணைத் திறந்து உங்களை அடையாளம் கண்டு, "இப்ப எதுக்கு எழுப்புற?" என்று எரிச்சலோடு கேட்டால் நல்ல அறிகுறி, திரும்பப் படுக்கவிடலாம். குழந்தை என்றால் மூச்சு சீராக இருக்கிறதா, தொட்டால் சிணுங்கித் திரும்பிப் படுக்கிறதா என்று பார்த்தால் போதும்.

வலிக்குப் பாராசிட்டமால் போதும். ஆஸ்பிரின், இபுபுரூஃபென் வகை மாத்திரைகள் கசிவைக் கூட்டலாம் என்பதால் டாக்டரைக் கேட்காமல் வேண்டாம். மெடிக்கல் ஷாப்பில் "உடம்பு வலிக்கு" என்று பிரித்துத் தரும் மாத்திரைகளில் என்ன கலந்திருக்கிறது என்று தெரியாது; வாங்காதீர்கள். தூக்க மாத்திரையும் மதுவும் கூடவே கூடாது, அவை கவனிக்க வேண்டிய அறிகுறிகளையே மறைத்துவிடும். வண்டி ஓட்ட வேண்டாம்.

மறுநாள் வரும் தொல்லை

2019 ஆகஸ்டில் லார்ட்ஸ் மைதானத்தில் ஜோஃப்ரா ஆர்ச்சரின் பந்து ஸ்டீவ் ஸ்மித்தின் கழுத்தில் அடித்தது. மைதானத்தில் செய்த பரிசோதனைகளில் தேறி அவர் திரும்ப வந்து பேட்டிங் செய்தார். மறுநாள் காலை எழுந்தபோது தலைவலி, மந்தம். போட்டியிலிருந்து விலக்கப்பட்டார். அவருக்குப் பதிலாக வந்த மார்னஸ் லபுஷேன்தான் டெஸ்ட் வரலாற்றில் மூளை அதிர்ச்சிக்கான முதல் மாற்று வீரர். உடனே பரிசோதிக்கும் வசதிகள் உள்ள இடத்திலேயே அறிகுறி மறுநாள்தான் வந்தது.

மூளை அதிர்ச்சியில் ஸ்கேன் பெரும்பாலும் சுத்தமாகவே இருக்கும். ஆனாலும் வெளிச்சமும் சத்தமும் தாங்காமை, கவனம் நிற்காமை, கிறுகிறுப்பு, தூக்கக் கேடு என்று சில நாள் படுத்தும். முதல் ஒன்றிரண்டு நாள் செல்போன், படிப்பு, ஓட்டம் எல்லாவற்றையும் குறைத்து ஓய்வெடுத்துவிட்டு, பிறகு மெல்ல மெல்லப் பழைய வழக்கத்துக்குத் திரும்பலாம். பெரும்பாலான பெரியவர்களுக்கு இரண்டு வாரத்திலும் பிள்ளைகளுக்கு நாலு வாரத்திலும் சரியாகிவிடும். அதைத் தாண்டினால் மறுபடி டாக்டரைப் பாருங்கள். கபடியோ கிரிக்கெட்டோ, தலையில் அடிபட்டுத் தடுமாறிய பையனை அன்றே திரும்பக் களத்தில் இறக்கக் கூடாது. முதல் அடி ஆறுவதற்குள் இரண்டாவது அடி விழுந்தால் மூளை வீங்கி உயிருக்கே ஆபத்தாகலாம். உடற்கல்வி ஆசிரியர்களும் பயிற்சியாளர்களும் இதில் கண்டிப்பாக இருக்க வேண்டும். பையன் "நான் ஆடுறேன் சார்" என்றுதான் சொல்வான்.

ஆஸ்பத்திரியில் என்ன சொல்ல வேண்டும்?

தலைக்காயத்துக்கு, பக்கத்துத் தெரு கிளினிக்கில் ஊசி போட்டுத் தையல் போட்டுக்கொண்டு திரும்புவது போதாது. சிடி ஸ்கேன் இருக்கிற இடமாகப் போங்கள். தமிழ்நாட்டில் மாவட்டத் தலைமை மருத்துவமனைகளிலும் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைகளிலும் அந்த வசதி உண்டு. டாக்டரிடம் எத்தனை மணிக்கு, எப்படி, எந்தப் பக்கம் அடிபட்டது, நினைவு தப்பியதா, எத்தனை தடவை வாந்தி, என்ன மாத்திரை சாப்பிடுகிறார் என்பதைச் சொல்லுங்கள். நேரில் பார்த்தவர் யாராவது இருந்தால் கூடவே அழைத்துப் போங்கள். அடிபட்டவருக்கு அந்த நிமிடங்கள் நினைவிருக்காமல் போகலாம்.

போலீஸ் கேஸ் ஆகிவிடும் என்ற பயத்தில் சாலை விபத்தை "வீட்டுல வழுக்கி விழுந்துட்டார்" என்று மாற்றிச் சொல்கிறவர்கள் உண்டு. அடி எவ்வளவு பலமானது என்ற கணிப்பே அதனால் தப்பாகிவிடும். சட்ட நடைமுறைகளுக்காகக் காத்திருக்காமல் முதலில் சிகிச்சை அளிக்க வேண்டும் என்று 1989லேயே உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. விபத்தில் உதவி செய்தவருக்கு 2019இல் திருத்தப்பட்ட மோட்டார் வாகனச் சட்டம் பாதுகாப்புத் தருகிறது. தமிழ்நாட்டில் 2021 டிசம்பரில் தொடங்கிய "இன்னுயிர் காப்போம் – நம்மைக் காக்கும் 48" திட்டத்தில், சாலை விபத்தில் சிக்கியவருக்கு முதல் 48 மணி நேரச் சிகிச்சையைப் பட்டியலில் உள்ள அரசு, தனியார் மருத்துவமனைகளில் கட்டணமில்லாமல் பெறலாம். எனவே நடந்ததை நடந்தபடி சொல்லுங்கள். சந்தேகம் எழுந்தது ராத்திரி 2 மணி என்றால், விடியட்டும் என்று பார்க்காமல் 2 மணிக்கே கிளம்புங்கள்.